கையை விட்டது, கண்ணைப் பிடித்தது

மோட்டார் சாமான் விற்கிற எந்தக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு பொருள் தோரணமாகத் தொங்குகிறது. ‘மொபைல் ஹோல்டர்’ என்று அதற்குப் பெயர். அடியில் வட்டமாக ஒரு பசைப் பட்டை. அதன்மேல் வழவழப்பான காகிதம். காகிதத்தை உரித்துவிட்டு, வண்டிக்குள்ளே டாஷ்போர்டின்மேல் வைத்து அழுத்தினால் அப்படியே அப்பிக்கொள்ளும். மேல் பக்கத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கரங்கள். அவற்றின் நடுவே செல்போனைச் செருகிவிட்டால், அது ஓட்டுகிறவரின் முகத்துக்கு நேரே கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது; ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. “வாங்கி ஒட்டிக்குங்க ஸார், அப்புறம் உங்க கை ஃப்ரீ!” என்கிறார் கடைக்காரர்.

அவர் சொல்வது முழுக்க வாஸ்தவம். கைக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. கண் என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் நண்பர்கள் என்னைக் கட்டை வண்டிக் காலத்து ஆசாமி என்கிறார்கள். “தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறானே, அவனுக்கு இது மேல் இல்லையா?” என்று வாதாடுகிறார்கள். மேல்தான். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு ஓட்டுகிறவனைவிட ஒன்றரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவன் எவ்வளவு மேலோ, அவ்வளவு மேல். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்குத் தான் செய்வது தப்பு என்று தெரியும். போலீஸ்காரர் தொப்பி தூரத்தில் தெரிந்தால் போனைத் தொடைக்கு அடியில் ஒளிக்கிறான். அந்தக் கூச்சம் இருக்கிறவரையில் அவனைத் திருத்த வழி இருக்கிறது. ஹோல்டர்காரருக்குக் கூச்சமே கிடையாது. போலீஸ்காரருக்கு எதிரிலேயே வீடியோ ஓடவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார். நூறு ரூபாய்க்குள் மனச்சாட்சிக்கும் சேர்த்துப் பசை தடவிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பசையின்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் இந்த ஒட்டும் பட்டை பிறந்ததே மோட்டார் வண்டிக்காகத்தான். 1920-களில் அமெரிக்காவில் இரட்டை வர்ணம் பூசிய கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு வர்ணத்தை அடிக்கும்போது அது மற்றதன்மேல் தெறிக்காமலிருக்கக் காகிதத்தை ஒட்டி மறைப்பார்கள். அந்தக் காகிதத்தை உரித்தால் அடியிலிருந்த வர்ணமும் சேர்ந்து வந்துவிடும். பெயிண்டர்கள் வாயில் வந்தபடி வைவார்கள். உப்புத்தாள் செய்கிற கம்பெனியொன்றில் வேலையாயிருந்த ரிச்சர்டு ட்ரூ என்ற இளைஞர் காதில் அந்த வசவு விழுந்தது. யோசித்து, சோதித்து, 1925-இல் ஒரு பட்டையைச் செய்து கொடுத்தார். ஒட்டவும் வேண்டும், காரியம் ஆனதும் அடையாளமில்லாமல் உரியவும் வேண்டும் என்பது அவர் பசைக்கு விதித்த நிபந்தனை. அவருடைய வாரிசுகளிடம் வாங்கிய பசையில் நாம் முதல் நிபந்தனையை மாத்திரம் பிடித்துக்கொண்டுவிட்டோம்.

செல்போனின் முதுகில் குமிழ் மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டு, அதை விரல்களுக்கு நடுவே பிடித்தபடி பஸ்ஸில் தொங்குகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பாப்சாக்கெட் என்ற அந்தக் குமிழைக் கண்டுபிடித்தவர் டேவிட் பார்னெட் என்கிற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். காதில் மாட்டுகிற வயர் சிக்கிக்கொள்கிற எரிச்சலில் இரண்டு பொத்தான்களைப் போனின் பின்னால் ஒட்டிப் பார்த்திருக்கிறார். கடைசியில் அது பெரிய வியாபாரமாகிவிட்டது. தத்துவம் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கிற பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம். அந்தக் குமிழோடும் எனக்குத் தகராறு இல்லை. சமையலறைச் சுவரில் போனை ஒட்டி வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி பருப்புக் கடைகிறவர்களோடும் தகராறு இல்லை. சாம்பார் அடிப்பிடித்தால் ரசத்தோடு சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம். என் சண்டையெல்லாம் ஓடுகிற வண்டியோடுதான்.

அந்த டாஷ்போர்டில் முன்பு எது ஒட்டியிருந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். கட்டை விரல் உயரத்துக்கு ஒரு பிள்ளையார் இருந்தார். சில வண்டிகளில் வேளாங்கண்ணி மாதா, சில வண்டிகளில் நாகூர் தர்காவின் படம். இரண்டு பக்கமும் பசையுள்ள பட்டையால்தான் அவர்களையும் ஒட்டியிருந்தார்கள். பிள்ளையார் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிரைவர் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் மின்னுவதில்லை. ‘உன் மைத்துனன் உனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறான்’ என்று மணி அடிப்பதில்லை. இப்போது பல வண்டிகளில் அந்த இடம் போனுக்குப் போய்விட்டது. பிள்ளையாரை ஓரத்துக்குத் தள்ளி, ஏ.ஸி. காற்று வருகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். காற்றாவது வாங்கட்டும் என்று எண்ணம் போலிருக்கிறது.

இதையெல்லாம் சமவெளியில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதிவிட முடியாது. கரியாலூருக்குப் போன அனுபவம்தான் எழுத வைத்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டினால் கல்வராயன் மலை ஏற ஆரம்பிக்கிறது. மலையில் சாமையும் தினையும் உண்டு, கடுக்காயும் தேனும் புளியும் உண்டு, சரிவுகளிலெல்லாம் மரவள்ளி. அந்தக் கிழங்கு லாரிகளில் இறங்கி ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. ஜவ்வரிசியாகிறது, ஸ்டார்ச் மாவாகிறது. அந்த ஸ்டார்ச்சிலிருந்து பசையும் செய்கிறார்கள். நம் ஹோல்டரை வைத்து விற்கிற அட்டைப் பெட்டியை ஒட்டியது கல்வராயன் மலைக் கிழங்காகக்கூட இருக்கலாம்.

வாடகைக் காரில் போனேன். ஓட்டியவர் இருபத்தைந்து வயதுப் பிள்ளை. நல்ல பிள்ளை, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியிலேயே தொழில் தெரிந்தவர் என்று தெரிந்தது. டாஷ்போர்டில் ஹோல்டர், ஹோல்டரில் போன், போனில் வரைபடம். மலை ஏறத் தொடங்கியதும் வரைபடம் நின்றுவிட்டது, டவர் கிடைக்கவில்லை. கரியாலூருக்குப் போகிற பெரிய சாலை ஒன்றுதான். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். இதில் வழி சொல்ல வரைபடம் எதற்கு? ஆனால் வரைபடம் நின்றதிலிருந்துதான் அவர் போனை அதிகமாகப் பார்க்கத் தொடங்கினார். டவர் வந்துவிட்டதா, ஒரு கோடாவது தெரிகிறதா என்று வளைவுக்கு வளைவு ஒரு பார்வை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முன்னமேயே இறக்கி வைத்திருந்த வடிவேலு காமெடி ஒன்றைத் தட்டிவிட்டார்.

“தம்பி, அதை நிறுத்திவிட்டு ஓட்டுங்களேன்” என்றேன்.

“ஒண்ணும் ஆவாது ஸார். நான் பாக்கறதே இல்ல, சும்மா காதால கேக்கறதுதான். தினம் ஓட்டுற மலை ஸார்” என்றார்.

பார்க்காதவர் சரியான இடத்தில் சிரித்தார். முகத்தைப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிற காட்சி அது.

இரண்டு வளைவு தள்ளி, ஹோல்டர் தன் பிடியை விட்டது. கீழே ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற வண்டி; மேலே ஏற ஏறக் குலுக்கல். பசை இளகி, போனோடு சேர்ந்து சரிந்து, அவர் காலடியில் போய் விழுந்தது. வடிவேலு விடவில்லை, பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். இந்தப் பிள்ளை ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எதிரே கொண்டை ஊசி வளைவில் மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று மூக்கை நீட்டியது. “தம்பி, விடு அதை! வண்டியை நிறுத்து!” என்று நான் போட்ட சத்தத்தில் நிமிர்ந்து நிறுத்தினார். லாரி எங்களை உரசாத குறையாகக் கடந்து போயிற்று. லாரி டிரைவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. இப்படிப் பலரைப் பார்த்தவர்போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு போன் பெட்டிக்குள் போயிற்று. வழி தவறிவிடவில்லை, கரியாலூர் அது இருக்கிற இடத்திலேயேதான் இருந்தது.

பசை ஏன் விட்டது என்பதில் மாயம் ஒன்றுமில்லை. கல்லூரியில் நான் இரண்டே வருஷம் படித்தவன். அந்தப் பௌதிகமே இதற்குப் போதும். அழுத்தினால் ஒட்டுகிற இந்த வகைப் பசை கெட்டியுமல்ல, திரவமுமல்ல, இரண்டுங்கெட்டான். கொஞ்சம் ஓடி, பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் புகுந்து பற்றிக்கொள்வதால்தான் அது ஒட்டுகிறது. சூடு ஏறினால் அந்த ஓட்டம் அதிகமாகும். பளுவைத் தாங்காமல் மெல்ல மெல்ல நழுவும். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய காரின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி வரை கொதிக்கிறது என்று அமெரிக்காவில் அரிஸோனாவில் அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். நம் சித்திரை வெயில் அரிஸோனா வெயிலுக்கு இளைத்ததல்ல. டாஷ்போர்டின் தோலோ சொரசொரப்பு. அதன்மேல் பளபளப்புக்காக எண்ணெய் வேறு தடவி வைக்கிறோம். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பது நம் ஊர்ப் பழமொழி. இங்கே எண்ணெயும் மண்ணும் நாமே போட்டு வைத்தவை.

‘அப்படியானால் நல்ல பசையாகப் போட்டால் சரியாய்ப் போயிற்று’ என்று யாராவது சொல்லக்கூடும். அங்கேதான் விஷயத்தைக் கோட்டை விடுகிறோம். அன்றைக்குப் பசை விட்டதனால்தான் போன் பெட்டிக்குள் போயிற்று. உடும்புப் பிடியாகப் பிடிக்கிற உயர்ந்த பசையாக இருந்திருந்தால் கரியாலூர் வரையில் காமெடி ஓடியிருக்கும்.

கணக்காகப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது மலைச் சாலையில்கூட நிதானமான வேகம் என்பார்கள். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி 8 மீட்டருக்கு மேல் போகிறது. வண்டியிலேயே பதித்து வருகிற கருவிகளைப் பார்ப்பதற்கு ஒரு தடவைக்கு 2 வினாடிக்கு மேல் கண் போகக் கூடாது என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-இல் யோசனை கூறியது. அந்த 2 வினாடியையே எடுத்துக்கொண்டாலும் சுமார் 17 மீட்டர் தூரம் கண்ணில்லாமல் போகிறோம். ஒரு பஸ்ஸும் அதன் பின்னால் ஒரு காரும் நிற்கிற இடம். கொண்டை ஊசி வளைவில் அவ்வளவு நேர்ச்சாலை எங்கே இருக்கிறது? மலைச் சாலைக்கென்று ஒரு விதி வேறு உண்டு. இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவரையொருவர் முன்கூட்டியே பார்த்தால்தான் அந்த விதிக்கு அர்த்தம். இருவரும் தத்தம் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்கு யார் ஒதுங்குவது?

கண்ணை விடுங்கள், கையும் கண்ணும் சும்மா இருந்தால்கூடப் போதாது என்று தெரிந்து வெகு நாளாகிறது. 2001-ஆம் வருஷம் அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையில் ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் ஒரு பரீட்சை செய்தார்கள். வண்டி ஓட்டுவதுபோன்ற ஒரு பயிற்சியைச் செய்துகொண்டே போனில் பேசச் சொன்னார்கள். பேசியவர்கள் சிவப்பு விளக்கைத் தவறவிட்டது இரண்டு மடங்காயிற்று. போனைக் கையில் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதே ஸ்ட்ரேயர் 2015-இல் இன்னொன்றும் கண்டார்: வாயால் உத்தரவு கொடுத்து ஒரு காரியத்தை முடித்த பிறகும், சில கருவிகளின் விஷயத்தில் மனம் சாலைக்கு முழுக்கத் திரும்ப 27 வினாடி வரை ஆகிறதாம். நாம் சொன்ன 30 கிலோமீட்டர் வேகத்தில் 27 வினாடிக்கு 225 மீட்டர். இத்தனைக்குப் பிறகும் ‘கை ஃப்ரீ’ என்று அட்டையில் அச்சடிக்கிறார்களே, அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் சாமர்த்தியம்.

சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவை 2019-இல் திருத்தினார்கள். கையில் பிடிக்கிற செய்திச் சாதனங்களை ஓட்டும்போது உபயோகிப்பது அபாயகரமாக ஓட்டுகிற குற்றத்தில் சேர்ந்தது. முதல் தடவையானால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். பேஷ் என்று நான் கைதட்டினேன். 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து விதிகளில் ஒரு வாசகம் வந்தது: வழி பார்ப்பதற்கு மாத்திரம், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் கலையாத விதத்தில், உபயோகித்துக்கொள்ளலாம். கவனம் கலைந்ததா இல்லையா என்று யார் அளப்பது? சாலை ஓரத்தில் நிற்கிற போலீஸ்காரருக்குத் தெரிவதெல்லாம் ஹோல்டரின் முதுகுதான். திரையில் தெரிவது கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியா, கதாநாயகியின் நடனமா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கலிபோர்னியாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2017-லிருந்து அங்கே, ஓட்டிக்கொண்டே போனைத் தொடுவதானால் அது வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும், விரலால் ஒரே ஒரு தட்டு அல்லது ஒரே ஒரு தள்ளல் மட்டும் அனுமதி. விரல் எத்தனை தடவை தட்டியது என்று எண்ணிவிட்டார்கள். கண் எத்தனை தடவை போயிற்று என்று எண்ண எந்தச் சட்டசபையாலும் முடியவில்லை. கை வெளியே தெரிகிற உறுப்பு, பிடிபடுகிறது. கண் தப்பித்துக்கொள்கிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசாங்கம் வெளியிடுகிற அறிக்கையில் செல்போனுக்கென்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. அதில் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ‘பார்த்தீர்களா, நூற்றுக்கு இரண்டு பேர்தான்’ என்று ஒரு நண்பர் என்னிடம் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். அந்தப் பத்தியை யார் சொல்லி நிரப்புகிறார்கள் என்று நான் அவரைக் கேட்டேன். செத்தவர் வந்து ‘வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று வாக்குமூலம் கொடுப்பதில்லை. பிழைத்தவர் ‘ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது’ என்கிறார். மற்ற பத்திகளில் முதலிடம் அதிக வேகத்துக்கு. அந்த வேகத்தோடு கண் எங்கே போயிருந்தது என்பதற்குப் பத்தி கிடையாது.

இந்த இடத்தில் டிரைவர்களை மாத்திரம் வைதுவிட்டு எழுந்து போனால் நான் அயோக்கியன். கரியாலூரில் டீ குடிக்கும்போது அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், டவர் இல்லாத மலையில் எதற்கு அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள் என்று. அவருடைய முதலாளி அரை மணிக்கு ஒரு தரம் எங்கே இருக்கிறாய் என்று கேட்பாராம். பதில் வராவிட்டால் வண்டியை வைத்துக்கொண்டு தூங்குகிறாய் என்பாராம். “ஒரு கால் எடுக்கலேன்னா அடுத்த ட்ரிப்பு வேற ஆளுக்குப் போயிடும் ஸார். வண்டிக்கு ட்யூ கட்டணுமே” என்றார். நகரங்களில் இன்னும் மோசம். போனில் கூப்பிட்டால் வீட்டு வாசலுக்கு வருகிற வாடகைக் கார்களும் ஆட்டோக்களும் அந்த ஹோல்டர் இல்லாமல் பிழைக்கவே முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சவாரி திரையில் மின்னும். சில வினாடிக்குள் தட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வினாடிகளில் சாலையைப் பார்க்கிறவன் ஏமாளி, திரையைப் பார்க்கிறவன் பிழைக்கத் தெரிந்தவன் என்று ஒரு வியாபாரமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. பின் ஸீட்டில் சாய்ந்துகொண்டு, ‘எங்கே வருகிறீர்கள், இன்னும் எத்தனை நிமிஷம்?’ என்று இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கிற புண்ணியவான்கள் நாம்தான். அவர் எந்த வளைவில் இருக்கிறார் என்று நமக்கு என்ன கவலை?

ஜட்கா வண்டிக் குதிரையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கண்களின் இரண்டு பக்கமும் தோல் பட்டை கட்டியிருப்பார்கள். பக்கத்தில் நடக்கிறது எதுவும் தெரிந்து மிரளாமல் சாலையை மாத்திரம் பார்க்க வேண்டும் என்பதற்காக. குதிரையின் கவனத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர்கள், மனிதனின் கண்ணெதிரே ஊர் வம்பையெல்லாம் தொங்கவிட்டுப் பார்த்து ஓட்டு என்கிறோம்.

‘வழி தெரியாத ஊரில் என்ன செய்வது?’ என்பது நியாயமான கேள்வி. வழியை வாயால் சொல்லுகிற வசதி அந்தப் போனிலேயே இருக்கிறது. அதை மடக்கி வைத்தாலும் அது சொல்லும். கேட்பதும் கொஞ்சம் கவனத்தைத் தின்னத்தான் செய்கிறது. ஆனால் கண்ணைத் தின்பதில்லை. பக்கத்து ஸீட்டில் மனைவியோ மகனோ இருந்தால் போனை அவர்களிடம் கொடுக்கலாம். மனைவி சொல்கிற வழியில் திரும்புவதைவிட நூறு ரூபாய் கொடுத்து ஹோல்டர் வாங்குவது மேல் என்று நினைக்கிற கணவர்கள் இருக்கிறார்கள். அது குடும்பத் தகராறு, நான் தலையிடவில்லை. யாரும் இல்லையென்றால் ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டு நிமிஷம் ஆகும்.

கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் நான் பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு வீட்டுத் திண்ணைக் கம்பத்தில், பழைய எண்ணெய் டப்பா ஒன்றைப் பாதியாக வெட்டி ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அதற்குள் மூன்று செல்போன்கள் வெற்றிலை மாதிரி அடுக்காக நின்றன. அந்த ஊரில் டவர் எட்டிப் பார்க்கிற இடம் அந்தக் கம்பம் ஒன்றுதானாம். ஒரு முழம் இந்தப் பக்கம் வந்தால் பேச்சு அறுந்துவிடும். பசை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். மழைக் காலத்து ஈரத்தில் நிற்கவில்லை. அதனால் ஆணி. மணி அடித்தால் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிவிட்டு, மறுபடியும் டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கீழே திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிற மகனுடன் பேசிவிட்டு வந்த ஒரு பாட்டியிடம், கூடவே எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்றேன்.

“அத எதுக்கு ஐயா இடுப்புல கட்டிக்கினு திரியணும்? அது அங்கியே கெடக்கட்டும். கூப்ட்டா நான் போய்ப் பேசிக்கிறேன்” என்றாள்.

டவர் இல்லாத கொடுமையைக் கவிதையாக்குகிற உத்தேசம் எனக்கு இல்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக 108-ஐக் கூப்பிட மேடு தேடி ஓட வேண்டியிருப்பது அழகல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு, இந்த மலைவாசிகளின் நிலைமையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை வேண்டும், பஸ் வேண்டும் என்று அங்கே பேசப்பட்டது. எல்லாம் வர வேண்டும்; டவரும் வர வேண்டும். சாலை நன்றாக ஆக ஆக வண்டிகளின் வேகமும் கூடும். ஒவ்வொரு வளைவிலும் டவர் கிடைக்கிற அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் போன் மணி அடிக்கும். இன்றைக்கு டவரைத் தேடி ஓரக்கண்ணால் பார்க்கிறவர்கள், அன்றைக்கு முழுக் கண்ணாலும் பார்ப்பார்கள். கிழங்கு மூட்டைகளின்மேல் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு இறங்குகிற பிக்அப் வண்டிகளிலும் அந்தப் பசைப் பட்டை ஏறிவிட்டதை நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மேலே உட்கார்ந்து வருகிறவர்களுக்கு உள்ளே என்ன படம் ஓடுகிறது என்று தெரியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். வாடகைக்கு ஆள் ஏற்றுகிற எந்த வண்டியிலும், மலைச் சாலையில் ஓடுகிற எந்த வண்டியிலும், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் போன் இருக்கக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். வழி பார்க்கலாம் என்கிற சலுகையை மலையடிவாரத்தோடு நிறுத்திவிடலாம். ஓடுகிற வண்டிக்கு அடுத்த சவாரியைக் காட்டுகிற கம்பெனிகள், சக்கரம் நின்ற பிறகு காட்டட்டும். வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பது அவர்களுடைய கருவிக்கு நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தானே நமக்குக் கணக்குப் போட்டுக் காசு வாங்குகிறார்கள்? அரசாங்கம் செய்கிற வரையில் வாடகைக்குக் கூப்பிடுகிற நாமே வண்டியில் ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லலாம். ‘தம்பி, போனை உள்ளே வைத்துவிடுங்கள், ஐந்து நிமிஷம் தாமதமானாலும் பரவாயில்லை’ என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொள்ள மாட்டான். பல பேருக்கு அது விடுதலையாகக்கூட இருக்கும். முதலாளியிடம் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைக்கும்.

சொந்தக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு கைப்பக்குவம். ஒட்டிய ஹோல்டரை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். டாஷ்போர்டின் தோலும் சேர்ந்து வரும். வண்டியைச் சற்று வெயிலில் விடுங்கள். பசை இளகியதும் விளிம்பைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, தையல் நூலைப் பட்டைக்கு அடியில் கொடுத்து இரண்டு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் முழுசாக வந்துவிடும். மிச்சப் பிசுக்கையும் எண்ணெய்த் துணியே எடுத்துவிடும். வட்டமாக ஒரு தடம் மாத்திரம் சில நாள் தெரியும். அந்த அளவுக்குச் சரியாக, ஓரத்துக்குத் தள்ளிய பிள்ளையாரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார்த்திவிடலாம்.